மோட்டார் எஞ்சினும் அதன் நோய்களும்

மலைநாட்டு மக்களுக்கு மோட்டார் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. அவர்களுடைய அன்றாட வாழ்வோடு ஒன்றிவிட்ட சாதனம் அது. உடப்புசல்லாவையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். லயங்கள் பல, பிரதான வீதியிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே, மலைச்சரிவுகளில் அமைந்திருக்கின்றன. பகலில் பஸ் வண்டி உண்டு. கொழுந்து ஏற்றும் லொறி உண்டு. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டுவிட்டால், அல்லது ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மிகுந்து வலிப்பு வந்துவிட்டால் என் செய்வது? இன்று 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வருகின்றது. எனினும் அது மலையேறி வந்து சேரும்வரை காத்திராமல், அருகில் நிற்கும் வாடகைக் காரையோ முச்சக்கர வண்டியையோ நாட வேண்டிய வேளைகள் இன்னும் நீங்கிவிடவில்லை. அந்த வண்டி ராகலையைத் தாண்டிக் கந்தப்பளைப் பாதையில், பனிமூட்டத்தின் நடுவே நின்றுவிடுமானால், அதன் விளைவு யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, எஞ்சின் எதனால் ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்னும் அறிவு கராஜில் வேலை செய்வோருக்கு மட்டும் உரியதன்று. வண்டி ஓட்டுவோர் யாவரும், அதனை நம்பி ஏறுவோருங்கூட, ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

இப்பகுதி மக்கள் மோட்டார் எஞ்சினையே நம்பி வாழலானதற்கு ஒரு வரலாறு உண்டு. 1903 ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது கந்தப்பளை வழியாக ராகலை வரை நீண்டது. உடப்புசல்லாவைப் பாதை என்றே அதற்குப் பெயர். தேயிலைப் பெட்டிகளையும் உரத்தையும் அரிசியையும் அந்தச் சிறிய புகைவண்டி சுமந்தது. பின்னர் பஸ்ஸும் லொறியும் பெருகின, வருமானம் குன்றிற்று, 1940களில் பாதை மூடப்பட்டது. அன்று முதல் இந்த மலைகளில் ஏறி இறங்கும் சுமை அனைத்தும் பெற்றோல், டீசல் எஞ்சின்களின் தோள்மீதே விழுந்தது.

அந்நாளில் மலைநாட்டுக்கு வந்து நிலைத்துவிட்ட கார்களுள் மொரிஸ் மைனர் தலைசிறந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். 1948 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் மோட்டார்க் காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி முடிவடைந்தபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. இலங்கையிலோ, 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டுக்குப் பின்னரே கதவு அகலத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பயிற்சியின் பயனாக நம் நாட்டுக் கைவினைஞர் இந்த வண்டியின் நுணுக்கம் அனைத்தையும் கற்றுத் தேர்ந்தனர். 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டு உறுப்புகள் இலங்கையிலே செய்யப்பட்டு, அது பிறந்த நாடாகிய இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன என்பது பெருமைக்குரிய செய்தியன்றோ? 2020 ஆம் ஆண்டில் கார் இறக்குமதி மீண்டும் தடுக்கப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே தடை நீங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய வண்டிகளின் மதிப்பு மறுபடியும் உயர்ந்தது.

மொரிஸ் மைனரின் எஞ்சினை முன்வைத்தே பெற்றோல் எஞ்சினின் இயல்பை விளக்குவது எளிது. அதில் மறைவு ஒன்றுமில்லை. மூடியைத் தூக்கினால் உறுப்புகள் யாவும் கண்முன்னே நிற்கும். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றினுள்ளும் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் வேலை நான்கு வீச்சுகளில் நிறைவேறுகிறது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கி, காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. இரண்டாம் வீச்சில் மேலேறி அக்கலவையை நெருக்கி அழுத்துகிறது. மூன்றாம் வீச்சின் தறுவாயில் பிளக்கிலிருந்து ஒரு மின்பொறி பாய்கிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காம் வீச்சில் எரிந்த புகை வெளியேற்றப்படுகிறது. வேலை செய்வது மூன்றாம் வீச்சு ஒன்றே. ஏனைய மூன்றும் அதற்கு ஏவல் செய்வன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒரு விநாடியில் நூறு மின்பொறிகள் பாய வேண்டும். அந்த நூற்றில் ஒன்றிரண்டு தவறினாலும் வண்டி குலுங்குவதை உள்ளே இருப்பவர் உணர்ந்துவிடுவர்.

இனி அளவுகளைப் பார்ப்போம். காரின் கையேட்டில் காணப்படும் எண்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஒவ்வோர் எண்ணும், இந்த அளவு கெடாமல் காத்துக்கொள் என்று எஞ்சின் விடுக்கும் வேண்டுகோள் ஆகும். முதல் மொரிஸ் மைனரில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பழைய வகை எஞ்சின் இருந்தது. ஒஸ்டின், மொரிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 1952 ஆம் ஆண்டில் இணைந்தபின், ஒஸ்டின் ஏ30 காரில் 1951 ஆம் ஆண்டில் அறிமுகமாகியிருந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இதற்கும் வந்தது. அதன் வலு 30 குதிரைவலு. 1956 ஆம் ஆண்டில் அது 948 ஆகவும் 37 குதிரைவலுவாகவும் வளர்ந்தது. 1962 ஆம் ஆண்டில் 1,098 ஆகவும் 48 குதிரைவலுவாகவும் உயர்ந்தது. இந்த எஞ்சின் குடும்பம் மினி காரில் 2000 ஆம் ஆண்டு வரை உயிர்வாழ்ந்தது. அரை நூற்றாண்டுக் காலம் ஓர் எஞ்சின் நிலைத்து நின்றதென்றால் அதன் எளிமையே காரணம் எனலாம்.

கொள்ளளவு என்பது யாது? 1,098 எஞ்சினின் சிலிண்டர் உள்விட்டம் 64.58 மில்லிமீற்றர், பிஸ்டனின் வீச்சு 83.72 மில்லிமீற்றர். வட்டத்தின் பரப்பை வீச்சினால் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 274 கன சென்ரிமீற்றர் கிடைக்கும். நான்கிற்கும் சேர்த்து 1,098. பள்ளிக்கூடத்தில் உருளையின் கன அளவைக் கணித்த மாணவன் எவனும் இக்கணக்கைச் செய்துவிடலாம். இதனுடன் பார்க்க வேண்டிய மற்றோர் எண் அழுக்க விகிதம். இந்த எஞ்சினுக்கு அது எட்டரைக்கு ஒன்று. உள்ளே வந்த கலவை தன் முந்திய இடத்தில் எட்டரையில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது என்பதே அதன் பொருள். அழுக்கம் கூடினால் வலுவும் கூடும். ஆனால் எரிபொருளும் அதற்கேற்ற தரமுடையதாக இருத்தல் வேண்டும். தரங்குறைந்த பெற்றோலுக்கென அழுக்கம் குறைந்த எஞ்சின் வகையும் செய்யப்பட்டது.

நுண்ணிய அளவுகள் மூன்று உள. வால்வின் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. பிளக்கின் முனைகளுக்கிடையே ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்டிரிபியூட்டரின் பொயின்ற் இடைவெளி ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. நான்கு சிலிண்டர்களும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் வரிசையிலே எரிய வேண்டும். மெல்லிய தகடுகளைக் கோத்த ஒரு சிறு அளவுகருவி கையிலிருந்தால் இம்மூன்று இடைவெளிகளையும் எவரும் சரிபார்க்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அந்த அரை நாளைச் செலவிடாதவர்களே பெரும்பாலும் நடுவழியில் நின்று தவிப்பவர்கள்.

எஞ்சினுக்கு வரும் நோய்கள் எண்ணற்றவை போலத் தோன்றலாம். ஆராய்ந்து பார்த்தால் அவை ஐந்து வகைக்குள் அடங்கும். தக்க கலவை வேண்டும். தக்க நேரத்தில் பொறி வேண்டும். கசிவில்லாத அழுக்கம் வேண்டும். இவை மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடும். ஓடும் எஞ்சின் நிலைத்திருக்கக் குளிர்ச்சி வேண்டும்; எண்ணெய் வேண்டும். நின்றுவிட்ட வண்டியின் முன்னே நின்று, கண்டதையெல்லாம் கழற்றுபவன் நோயை இரட்டிப்பாக்குகிறான். இந்த ஐந்தில் குறைவது எது என்று வரிசையாக வினவுபவனே விரைவில் காரணத்தைக் காண்கிறான்.

முதலில் மின்பொறியைப் பார்ப்போம். மலைநாட்டில் மிகுதியாகத் தொல்லை தருவது இதுவே. பற்றரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்டிரிபியூட்டர் அதனை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுகிறது. இத்துணை உயர்ந்த மின்னழுத்தம் பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டிப் பாய்வதற்குப் பதிலாக, எளிய வழி வேறொன்று கிடைத்தால் அதிலே ஓடிவிடும். உடப்புசல்லாவைப் பகுதியில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மழையும் மூடுபனியும் நாட்கணக்கில் விலகுவதில்லை. அப்போது டிஸ்டிரிபியூட்டர் மூடியிலும் வயர்களிலும் படியும் ஈரமே அந்த எளிய வழியாகிறது. இரவு முழுவதும் வெளியே நின்ற கார் காலையில் உயிர் பெறாததற்கும், வெள்ளம் ஓடும் வீதியில் சென்ற கார் திடீரென இருமி நிற்பதற்கும் இதுவே காரணம். மருந்து மிக எளிது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து, வயர்களையும் துடைத்துவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் எழுந்துவிடும். அதற்குப் பின்னும் எழாவிட்டால், பொயின்ற் கருகியிருக்கிறதா, கண்டென்சர் பழுதா, பிளக்கில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் வெடிப்புற்ற பழைய வயர்களை மாற்றிவிடுவது, நள்ளிரவுப் பயணத்துக்குச் செய்துகொள்ளும் காப்புறுதி போன்றது.

தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பகுதியில் துகள்பனி படிவதுண்டு. அக்குளிரில் பற்றரியின் ஆற்றல் குறைகிறது, எண்ணெய் தடிக்கிறது, எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகிறது. பழைய கார்களுடன் கைப்பிடிக் கம்பி ஒன்று தரப்பட்டது இதற்காகவே. பற்றரி முனைகளில் பூக்கும் வெண்ணிறப் படிவைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, சிறிது கிறீஸ் பூசி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது கலவை. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று தேவை. இரண்டையும் அளவறிந்து கலப்பது காபரேட்டரின் கடமை. கடல் மட்டத்தில் சரியாகத் திருத்தப்பட்ட காபரேட்டர் மலையுச்சியில் பிழைபடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே. காற்று மெலிந்துவிடுகிறது, பெற்றோலோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே கலவை தடிக்கிறது. புகை கறுக்கிறது, பிளக்கில் கரி படிகிறது, பெற்றோல் வீணாகிறது. உள்ளே செல்லும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அந்த அளவு குறைந்தாக வேண்டும். கொழும்பில் 48 குதிரைவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் 40 ஐக்கூட எட்டுவது அரிது. ஏற்றத்தில் கார் இளைப்பதைக் கண்டு எஞ்சின் கெட்டுவிட்டதென்று அஞ்சுபவர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மலைநாட்டிலேயே ஓடும் கார் ஆனால் காபரேட்டரை இந்த உயரத்துக்கு ஏற்பச் சற்று மெலிந்த கலவைக்குத் திருத்திக்கொள்வது நலம். அதே காரில் கொழும்புக்கு இறங்கும்போது திருத்தத்தை மறந்துவிட்டால், கலவை அளவுக்கு மீறி மெலிந்து, எஞ்சின் சூடேறி வால்வுகள் கருகும்.

பெற்றோல் வருகிறதா என்பதை அறிவதும் எளிது. மொரிஸ் மைனரில் பெற்றோலை இழுப்பது மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பு. சாவியைத் திருப்பியதும் அது சிறிது நேரம் துடித்து, காபரேட்டர் நிறைந்ததும் அடங்கும். ஒலியே எழாவிட்டால் பம்பின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள்; மெல்லத் தட்டினால் அப்போதைக்கு இயங்கும். துடிப்பு அடங்காமல் ஓயாது கேட்டால் தாங்கியில் பெற்றோல் தீர்ந்திருக்கலாம், அல்லது எங்கோ காற்றுப் புகுகிறது. நீண்ட ஏற்றத்தை ஏறி முடித்துச் சூட்டோடு நிறுத்திய கார் மறுபடி இயங்க மறுப்பதும் உண்டு. குழாயினுள்ளே பெற்றோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துவிடுவதே அதன் காரணம். உயரமான இடத்தில் திரவங்கள் குறைந்த சூட்டிலே கொதிக்குமாதலால் இத்தொல்லை இங்கு எளிதில் நேர்கிறது. எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, பெற்றோல் குழாயின்மேல் ஈரத்துணி சுற்றிச் சிறிது பொறுத்திருந்தால் போதும்.

மூன்றாவது குளிர்ச்சி. எரியும் பெற்றோலின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு அளவே சக்கரத்தைச் சேர்கிறது. எஞ்சியது பெரும்பாலும் புகையோடும் தண்ணீர்ச் சூட்டோடும் கழிகிறது. கடல் மட்டத்தில் நூறு பாகையில் கொதிக்கும் தண்ணீர் நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதனால் அக்கொதிநிலை 105 பாகைக்கு மேல் உயர்த்தப்படுகிறது. மூடியின் உள்ளேயுள்ள ஒரு சிறு இறப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் அந்தப் பத்துப் பாகைக்கு மேற்பட்ட பாதுகாப்பும் பறந்துவிடும். மலையில் கார் கொதிப்பதற்கு ரேடியேட்டரைக் குறை கூறுமுன் அதன் மூடியைப் பார்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

மொரிஸ் மைனரில் வெப்பங்காட்டி கிடையாது. ஆயினும் கவனமுள்ள சாரதிக்கு ஒரு குறிப்புண்டு. விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் மின்சாரம் பிறப்பிக்கும் டைனமோவையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் மின்னேற்றத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு உடனே எரியும். அது பற்றரி பற்றிய செய்தி மட்டும் அன்று. தண்ணீரும் ஓடவில்லை என்னும் எச்சரிக்கை. அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் இரண்டு மைல் சென்றுவிடலாம் என்று எண்ணுபவர், சில ரூபாய்ப் பெல்ட்டுக்காக எஞ்சினையே இழப்பர். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. பீறிடும் நீராவி முகத்தை வேக வைத்துவிடும். சூடு தணியக் காத்திருந்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டுச் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுட்ட இரும்பில் பனிநீரைக் கொட்டினால் வெடிப்பு விழும்.

சூட்டுக்கு அஞ்சித் தெர்மொஸ்டாட் என்னும் உறுப்பைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கமொன்று நம் நாட்டில் உண்டு. சமவெளியில் அது பொறுக்கப்படலாம். மலைநாட்டில் அது தீங்கு. எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஆவியாகாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, தேய்வை விரைவுபடுத்தும்.

நான்காவதாகிய எண்ணெயைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். இந்த எஞ்சின் கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ 3.7 லீற்றர். அளவுகோலை வாரந்தோறும் பார்ப்பதும், உரிய தூரம் ஓடியதும் மாற்றுவதும் கடமை. எண்ணெய் அழுத்த விளக்கு ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் தயிர் போன்ற வெண்ணிறக் கசடு காணப்பட்டால், தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டதோ எனப் பலர் நடுங்குவர். குளிர் நாட்டில் குறுந்தூரமே ஓடும் வண்டியில் காற்றின் ஈரம் படிந்தும் இக்கசடு உண்டாகும். ரேடியேட்டர்த் தண்ணீரும் குறைந்துகொண்டே வருமானால்தான் அச்சத்துக்கு இடமுண்டு.

ஐந்தாவது, அழுக்கம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தாலும், வால்வுகள் சரிவரப் பொருந்தாவிட்டாலும், சிலிண்டர்த் தலையின் கீழுள்ள காஸ்கட் கருகினாலும் அழுத்தப்பட்ட கலவை கசிந்துவிடும். இந்த எஞ்சினில் இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களின் புகைவழி ஒன்றாகவே அமைந்திருப்பதால் நடுவிடம் மிகச் சூடேறும். ஆகையால் காஸ்கட் பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் இடையிலேயே கருகுகிறது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே சோர்ந்தால் அதனையே ஐயுற வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம் என்பது யாவரும் அறிந்தது. அந்த எண்ணெய் எவ்வழியே வருகிறது என்பதை மலைப்பாதையே காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் முயன்று இழுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது. நீண்ட இறக்கம் முடிந்து மறுபடி முடுக்கும் கணத்தில் மட்டும் ஒரு குபுக்கென வந்தால் வால்வுத் தண்டின் வழியே எண்ணெய் இறங்குகிறது. முன்னது பெருஞ்செலவு, பின்னது அவ்வளவன்று.

வால்வுகளைப் பற்றி இக்காலத்தார் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. முற்காலப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது எரிபொருளின் தரத்தை உயர்த்தியதோடு, வால்வு அமரும் இரும்பு விளிம்பில் மெல்லிய காப்புப் படலமாகவும் படிந்தது. ஆனால் ஈயம் மனிதரின், சிறப்பாகக் குழந்தைகளின், மூளைக்கு நஞ்சு. ஆதலால் 2002 ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயமற்ற பெற்றோல் வழக்குக்கு வந்தது. அது வரவேற்க வேண்டிய மாற்றமே. எனினும் பழைய எஞ்சின்களின் வால்வு விளிம்புகள் காப்பிழந்து மெல்ல மெல்லத் தேயலாயின. தேயத் தேய வால்வு உள்ளே அமிழ்கிறது. ஆயிரத்தில் 12 பங்கு என்ற இடைவெளி ஓசையின்றிக் குறைந்து மறைகிறது. பின் வால்வு முழுதும் மூடாது. சுடுபுகை கசிந்து அதன் விளிம்பைக் கருக்கும். கடகடவென்று ஒலிக்கும் வால்வைக் கண்டு கவலையுறும் சாரதி, ஒலியே இல்லாத வால்வைக் கண்டே மிகுதியாகக் கவலையுற வேண்டும். இதனைத் தடுக்க, கடினமான உலோக வளையங்களை விளிம்பிற் பதித்துக்கொள்வர். அதுவரை இடைவெளியை அடிக்கடி அளந்து திருத்துவதே காப்பு.

எரிபொருளின் தரத்துக்கும் அழுக்கத்துக்குமுள்ள உறவை யாழ்ப்பாண மக்கள் பட்டறிந்திருக்கின்றனர். 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் அங்கே பெற்றோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. அப்போது மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலையோ தின்னரையோ விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய கார்களால் இயலாத செயலைப் பழைய கார்கள் செய்ததற்குக் காரணம் அவற்றின் தாழ்ந்த அழுக்கமே. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. உயர்ந்த அழுக்கத்தில் தானாக எரிந்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். நோயாளரை ஏற்றிச் செல்ல வேறு வழியில்லாத காலத்தில் அந்தக் கார்கள் உயிர் காத்தன. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் எண்ணெயோடு கலந்து எஞ்சினை அரித்தது. இடுக்கண் காலத்து உபாயத்தை இயல்பான வழக்கமாக்கிக்கொள்ளுதல் தகாது. மலைப்பாதையில், பெற்றோலில் ஓடும் காரும் இத்தட்டொலியை எழுப்புவதுண்டு. உயர்ந்த கியரிலேயே ஏற்றத்தை ஏறிவிட முயல்வதன் விளைவு அது. தாழ்ந்த கியருக்கு மாற்றினால் ஒலி அடங்கும், பிஸ்டனும் பிழைக்கும்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிலோமீற்றர்க் கணக்கில் வரிசைகள் நீண்டன; பின்னர் வாராந்தப் பங்கீடு வந்தது. கரி படிந்த பிளக்கோடும் தடித்த கலவையோடும் ஓடிய வண்டிக்கும், செம்மையாகத் திருத்தப்பட்ட வண்டிக்கும் கிடைத்த பங்கு ஒன்றே. ஆனால் அப்பங்கில் இரண்டும் ஓடிய தூரம் ஒன்றன்று. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஏழைச் சாரதிக்கு அந்த வேறுபாடே அவ்வார வருமானமாயிற்று.

இக்காலக் கார்களில் காபரேட்டரும் பொயின்றும் இல்லை. காற்றின் அழுத்தத்தை உணர்கருவி அளக்கிறது. மின்னணுக் கருவி பெற்றோலை அளந்து தெளிக்கிறது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போதே கலவை தானாகத் திருந்திக்கொள்கிறது. ஆனால் காற்று மெலிவதை எக்கருவியும் தடுக்க முடியாது. தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிப்பதையும் மாற்ற முடியாது. கலவை, பொறி, அழுக்கம், குளிர்ச்சி, எண்ணெய் என்னும் ஐந்தும் புதிய காருக்கும் பொருந்தும். தோட்டத்து வாசலில் நிற்கும் முச்சக்கர வண்டிக்கும் பொருந்தும்.

ஆகவே மலைநாட்டில் வண்டி வைத்திருப்போர் சில வழக்கங்களைக் கைக்கொள்ளுதல் வேண்டும். காலையில் தண்ணீரும் எண்ணெயும் பார்ப்பது. வாரத்தில் ஒரு முறை பெல்ட்டையும் பற்றரியையும் பார்ப்பது. பருவமழைக்குமுன் வயர்களையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் சோதிப்பது. உரிய காலத்தில் இடைவெளி மூன்றையும் அளப்பது. வண்டியில் ஓர் உபரிப் பெல்ட், ஒரு பிளக், உலர்ந்த துணி, ஒரு போத்தல் தண்ணீர் ஆகியன எப்போதும் இருத்தல் வேண்டும். இவற்றின் விலை மிகச் சிறிது. நள்ளிரவில் கதவைத் தட்டும் அயலவரின் குழந்தையை வைத்தியசாலையின் வாசல்வரை கொண்டுசேர்ப்பது, பெரும்பாலும் இந்தச் சிறு கவனமே.